புதிய கணினியும் லேசர் கட்டரும் பேசிக்கொள்ளாதபோது: டர்பனில் ஓர் இணைப்புச் சேவையைப் பற்றிய மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோவில் நானும் என் தங்கையும் ஒரு சிறு பட்டறை நடத்துகிறோம். வீட்டுப் பெயர்ப்பலகை, திருமண மேடைக்கான எழுத்து, காவடிக் காலத்தில் கோயில்கள் கேட்கும் அக்ரிலிக் அலங்காரம் ஆகியவற்றை வெட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். பட்டறையின் லேசர் கட்டர் புதிய கணினியோடு இணைய மறுத்து வேலை நின்றுபோனபோது, சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்து அதைச் சரிசெய்து கொடுத்த ஒரு சேவையைப் பற்றியே இந்த மதிப்புரை. அதை நடத்துபவர்கள் இரண்டு இளைஞர்கள். தெரிந்தவர்கள் சொல்லி வரும் வேலையையே முடிக்க நேரம் போதவில்லை என்பதால் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதற்கு மதிப்புக் கொடுத்துப் பெயரை விட்டுவிடுகிறேன். ஆனால் அவர்கள் வேலை செய்த முறையை விரிவாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் இத்தகைய பழுதுக்கு நீங்கள் யாரை அழைத்தாலும், வருபவர் அந்த முறையில் வேலை செய்கிறாரா என்பதை வைத்து அவரை எடைபோட முடியும்.

எங்கள் இயந்திரம் கண்ணாடிக் குழாய் கொண்ட கார்பன் டை ஆக்சைடு லேசர். அதன் கட்டுப்பாட்டுப் பலகை ருய்டா நிறுவனத்தின் ஆர்.டி.சி. 6442. தென்னாப்பிரிக்காவின் சிறு பட்டறைகளிலும் பள்ளிகளிலும் பரவலாகக் காணக்கூடிய அமைப்பு இது. பல ஆண்டுகளாக ஒரு பழைய விண்டோஸ் 10 கணினி அதை இயக்கி வந்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. எங்கள் பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்கு வேண்டிய டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு அதில் இல்லை. வாடிக்கையாளர் அனுப்பும் கோப்புகளை நாள் முழுவதும் திறக்கும் கணினியைப் பாதுகாப்பில்லாமல் வைத்திருக்க விருப்பமில்லை என்பதால் புதிய மடிக்கணினி வாங்கினோம். அதில், வடிவத்தை வரைந்து லேசர் கட்டருக்கு அனுப்பும் லைட்பர்ன் மென்பொருளை நிறுவி, பழைய யூ.எஸ்.பி. கேபிளைச் செருகினால், இயந்திரம் துண்டிக்கப்பட்டுள்ளது என்ற ஒரே பதில்தான் வந்தது.

முதலில் அழைத்தது நகரத்தில் உள்ள வேறொரு பழுதுபார்க்கும் கடையை. அங்கிருந்து வந்தவர் கேபிளைக் கழற்றி மாட்டினார், கணினியை மறுபடி இயக்கினார், பிறகு கட்டுப்பாட்டுப் பலகையையே மாற்ற வேண்டும் என்று விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முந்தைய நாள் வரை பழைய கணினியோடு ஒழுங்காக வேலை செய்த பலகை, கணினி மாறிய நாளில் எப்படிக் கெட்டுப்போகும் என்று என் தங்கை கேட்டதற்கு அவரிடம் விடை இல்லை. இத்தொழிலில் நான் மிகவும் வெறுப்பது இதைத்தான். காரணம் தெரியாத இடத்தில் விலை உயர்ந்த பாகத்தைக் குற்றவாளி ஆக்குவது எளிது, அதற்கான பணம் மட்டும் பட்டறைக்காரரின் பையிலிருந்து போகும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த தம்பி பையிலிருந்து எந்தக் கருவியையும் உடனே எடுக்கவில்லை. “அக்கா, மெஷின் கெட்டுப்போச்சா, இல்ல பேச்சு மட்டும் நின்னுபோச்சா, முதல்ல அதைத் தெரிஞ்சுக்குவோம்” என்றார். ருய்டா பலகையில் வேலைக் கோப்பை ஒரு பென் டிரைவ் வழியாகவும் ஏற்றலாம். லைட்பர்னில் ஒரு சிறு சதுரத்தை வரைந்து, ஆர்.டி. வகைக் கோப்பாகச் சேமித்து, ஃபேட் 32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் போட்டு இயந்திரத்தில் செருகினார். முகப்புப் பலகையின் பட்டியலிலிருந்து கோப்பை உள் நினைவகத்துக்கு மாற்றி ஓட்டியபோது சதுரம் சுத்தமாக வெட்டி வந்தது. இந்த ஒரு சோதனை பாதிக் கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டது: லேசர் குழாய், மோட்டார்கள், கட்டுப்பாட்டுப் பலகை, லைட்பர்ன் எழுதும் கோப்பு ஆகிய நான்கும் நலம், பழுது இருப்பது கணினிக்கும் பலகைக்கும் நடுவில் மட்டுமே. முன்பு வந்தவர் இதைச் செய்திருந்தால் புதிய பலகைக்கு விலை எழுதியிருக்க மாட்டார்.

இந்த வழியை எல்லா ருய்டா பயனாளர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இணைப்பு முழுவதும் செத்திருந்தாலும் அன்றைய ஆர்டரை முடித்துக் கொடுத்துவிடலாம். எங்களுக்குத் தைப்பூசக் காவடி வேலைகள் காத்திருந்தன. பழுது தீரும் வரை பென் டிரைவை வைத்தே அவற்றை வெட்டி முடித்தோம்.

அடுத்து அவர் பார்த்தது துளைகளையும் கேபிளையும். இவ்வகை இயந்திரங்கள் பலவற்றின் பக்கச் சுவரில் ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு யூ.எஸ்.பி. துளைகள் இருக்கும், ஒன்று பென் டிரைவுக்கு, மற்றது கணினிக்கு. பென் டிரைவுக்கான துளையில் கணினிக் கேபிளைச் செருகினால் எதுவும் நடக்காது, எந்த எச்சரிக்கையும் வராது. எங்கள் கேபிள் சரியான துளையில்தான் இருந்தது. ஆனால் புதிய மடிக்கணினியில் டைப் சி துளைகள் மட்டுமே இருந்ததால் நடுவில் ஒரு மலிவான ஹப், அதாவது ஒரு துளையைப் பல துளைகளாகப் பிரிக்கும் பெட்டி, வந்து சேர்ந்திருந்தது. அதை நீக்கிவிட்டு, தரவு கடத்தும் என்று உறுதியான ஒரு நேரடி மாற்றியைப் போட்டார். சந்தையில் கிடைக்கும் கேபிள்களில் சில மின்னேற்றத்துக்கு மட்டுமே பயன்படும், உள்ளே தரவுக் கம்பிகளே இருக்காது; வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. நீளத்திலும் எல்லை உண்டு, யூ.எஸ்.பி. 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

கேபிளை மாற்றியதும் இணைந்துள்ள கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் சாதன மேலாளரில் மஞ்சள் குறியோடு ஒரு பெயர் தோன்றியது. முன்பு அங்கே ஒன்றுமே இல்லை என்பதால் அதையே முன்னேற்றம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டார். ருய்டா பலகையின் யூ.எஸ்.பி. வழி எஃப்.டி.டி.ஐ. என்னும் நிறுவனத்தின் சில்லு மூலம் பேசுகிறது. அதற்குரிய டிரைவர், அதாவது கருவியோடு பேசக் கணினிக்குக் கற்றுத்தரும் சிறு மென்பொருள், இல்லாமல் கணினிக்கு அது அடையாளம் தெரியாத பொருள். பழைய கணினியில் ருய்டாவின் சொந்த மென்பொருளான ஆர்.டி.வொர்க்ஸை நிறுவியபோதே அந்த டிரைவரும் உடன் ஏறியிருந்தது, அதனால்தான் அப்படி ஒன்று வேண்டும் என்ற செய்தியே பட்டறையில் யாருக்கும் எட்டவில்லை. லைட்பர்ன் நிறுவும்போது வரும் தெரிவுகளில் எஃப்.டி.டி.ஐ. டிரைவரும் ஒன்று, நிறுவல் கோப்பை மறுபடி ஓட்டி அதைத் தேர்ந்தெடுத்ததும் மஞ்சள் குறி மறைந்தது.

டிரைவரை ஏற்றுவதற்கு முன் அந்தச் சாதனத்தின் அடையாள எண்களை அவர் பார்த்துக்கொண்டது என் கவனத்தைக் கவர்ந்தது. காரணம் கேட்டபோது ஒரு பழைய கதையைச் சொன்னார். 2014-இல் விண்டோஸ் புதுப்பித்தல் வழியாக வந்த எஃப்.டி.டி.ஐ. டிரைவர் ஒன்று, போலிச் சில்லுகளைக் கண்டால் அவற்றின் பொருள் எண்ணைப் பூஜ்யமாக மாற்றிவிட்டது. அதன்பின் எந்தக் கணினியும் அவற்றை அடையாளம் காணவில்லை. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு அந்த டிரைவர் விலக்கிக்கொள்ளப்பட்டது. இப்போது அந்த ஆபத்து இல்லை என்றாலும், 0403, 6001 என்ற எண்கள் தெரிகின்றனவா என்று பார்ப்பது ஒரு நொடி வேலைதான் என்றார். தெரிந்தன.

இந்த இடத்தில் பலர் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். லைட்பர்ன் தயார் என்று காட்டியது, லேசர் தலை கணினியின் சொல்லுக்கு நகர்ந்தது. ஆனால் அவர் வெறும் அசைவைச் சோதித்துவிட்டு நிறுத்தவில்லை. லேசர் சுடும்போதும் இணைப்பு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஒரு எம்.டி.எஃப். (மரத்தூள் அழுத்திய) பலகையை வைத்து நீளமான வேலை ஒன்றை ஓட்டினார். குழாய் எரியத் தொடங்கிய சிறிது நேரத்தில் இணைப்பு அறுந்தது. மீண்டும் தயார் ஆயிற்று, மீண்டும் அறுந்தது. வெட்டு மட்டும் நிற்கவில்லை. ருய்டா பலகை முழு வேலையையும் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு தானே ஓட்டுவதால், கணினி நடுவில் போனாலும் கையில் இருக்கும் வேலை கெடாது. ஆனால் அடுத்த வேலையை அனுப்பும் வேளையில் இணைப்பு அறுந்தால் கோப்பு பாதியில் நின்றுவிடும், ஒரு நாள் ஒரு தகடு வீணாகும்.

இப்போதுதான் மல்டிமீட்டர் வெளியே வந்தது. கார்பன் டை ஆக்சைடு குழாயைப் பற்றவைக்க மின்வழங்கி பல ஆயிரம் வோல்ட், இருபதாயிரம் அளவுக்கும், கொடுக்கிறது. அவ்வளவு அழுத்தம் ஓடும் பெட்டிக்கு எர்த் இணைப்பு ஒழுங்காக இல்லையென்றால், அதன் மின் இரைச்சல் வழி தேடி யூ.எஸ்.பி. கேபிளின் தரைக் கம்பிக்குள் நுழைகிறது. இயந்திரத்தின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, சிறிது நேரம் காத்திருந்து, பின்கதவைத் திறந்தார். உயர் அழுத்தக் கம்பியின் பக்கம் கையைக் கொண்டுபோகாமலே, பிளக்கின் எர்த் முனைக்கும் இயந்திரத்தின் உலோகச் சட்டத்துக்கும் நடுவே மின்தடையை அளந்தார். ஒரு ஓமுக்கும் கீழே அசையாமல் நிற்க வேண்டிய அளவு, கம்பியைத் தொட்டால் ஏறி இறங்கியது. எர்த் கம்பியின் வளையத்தைச் சட்டத்தின் வண்ணப்பூச்சின் மேலேயே வைத்துத் திருகியிருந்தார்கள். கடற்கரையை ஒட்டிய எங்கள் ஊரின் உப்புக் காற்றில் அந்தத் திருகில் துருவும் ஏறியிருந்தது. வண்ணத்தைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரியும் இடத்தில், பற்கள் உள்ள வாஷர் போட்டு இறுக்கினார்.

இயந்திரத்தை ஒரு நீட்டிப்புக் கம்பியின் முனையில் மாட்டியிருந்ததையும் அவர் ஏற்கவில்லை. நம் நாட்டின் 15 ஆம்பியர் பிளக்கில் எர்த் முனைதான் மற்ற இரண்டையும்விடப் பெரியது, நீளமானது. மலிவான நீட்டிப்புக் கம்பியில் முதலில் தளர்வதும் அந்தத் துளைதான். இயந்திரத்தை நேரே சுவரில் மாட்டச் சொன்னார். சுவருக்குள் ஓடும் கம்பிகளைச் சோதிக்க முடியுமா என்று கேட்டபோது, அது பதிவுபெற்ற மின்பணியாளரின் வேலை, சட்டப்படியான சான்றிதழ் அவர்தான் கொடுக்க முடியும் என்று மறுத்துவிட்டார். தன் எல்லையைத் தெரிந்து நிற்கும் பணியாளரை நான் முழுமையாக நம்புகிறேன். இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்த மறுப்புக்கே.

எர்த் சரியான பிறகு யூ.எஸ்.பி. இணைப்பு பெரும்பாலும் நின்றது. அவருக்கு அந்தப் ‘பெரும்பாலும்’ போதவில்லை. ருய்டா பலகையில் ஈதர்நெட் துளையும் உண்டு, பல பட்டறைகளில் அது ஒருநாளும் பயன்படுத்தப்படாமல் தூசி படிந்து கிடக்கும். யூ.எஸ்.பி. கேபிளில் கணினியின் தரையும் இயந்திரத்தின் தரையும் ஒரே செம்புக் கம்பியால் கட்டப்பட்டுள்ளன. ஈதர்நெட்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு சிறு மின்மாற்றி இருக்கிறது, தரவு அதன் காந்தப் புலத்தைக் கடந்து போகிறதே தவிர, இரு பக்கத்துக்கும் நேரடி மின் தொடர்பு இல்லை. 1500 வோல்ட் வரை தாங்கும்படி அந்தத் தனிமைப்படுத்தல் வரையறுக்கப்பட்டுள்ளது. போதாததற்கு 100 மீட்டர் வரை கேபிள் இழுக்கலாம், ஆகவே புகையும் தூசியும் இல்லாத முன்னறையில் கணினியை வைத்துக்கொள்ள முடியும். உயர் அழுத்தம் ஓடும் ஓர் இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இணைப்பு எனக்குத் தோன்றவில்லை. விலையோ ஒரு டைப் சி ஈதர்நெட் மாற்றியும் ஒரு கேபிளும்தான். அவற்றைக் கடை விலைக்கே கொடுத்தார், ரசீதும் காட்டினார்.

கம்பியை மாட்டினால் போதாது, இரு பக்கத்துக்கும் முகவரி வேண்டும். ருய்டா பலகைகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் 192.168.1.100 என்ற முகவரியோடு வருகின்றன. எங்கள் வீட்டு ரவுட்டரும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத்தான் கைபேசிகளுக்கும் கணினிகளுக்கும் கொடுக்கிறது. ஒரே தொடக்கம் வைஃபையிலும் கம்பியிலும் இருந்தால், இயந்திரத்துக்குப் போக வேண்டிய செய்தியை எந்த வழியில் அனுப்புவது என்று விண்டோஸ் தடுமாறும். ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. ஆகவே இயந்திரத்தின் முகப்புப் பலகையில் இசட்/யூ பொத்தானை அழுத்தி, ஐ.பி. அமைப்புக்குள் போய் 10.0.3.3 என்று மாற்றினார். மடிக்கணினியின் கம்பித் துளைக்கு 10.0.3.2 என்ற நிலையான முகவரியும் வலையமைப்பின் எல்லையைச் சொல்லும் 255.255.255.0 என்ற முகமூடியும் கொடுத்து, வெளி இணையத்துக்குப் போகும் வழியைக் குறிக்கும் நுழைவாயில் கட்டத்தை வெறுமையாக விட்டார். அதனால் இணையம் வழக்கம்போல் வைஃபை வழியாகவே போகிறது, கம்பி இயந்திரத்துக்கு மட்டும் என்றாகிவிட்டது.

மறுபக்கம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் பிங் கட்டளை கொடுத்ததும் இயந்திரம் பதில் சொன்னது. லைட்பர்னில், தானாகத் தேடும் பொத்தானை விட்டுவிட்டு, ருய்டா, ஈதர்நெட், 10.0.3.3 என்று கையால் சாதனத்தை உருவாக்கினார். அப்போதும் துண்டிக்கப்பட்டுள்ளது என்றே வந்தது. என் தங்கை சோர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் முகத்திலோ தெளிவு தெரிந்தது. பிங் போய்வருகிறது என்றால் கம்பியும் முகவரியும் சரி. மென்பொருள் மட்டும் பேசவில்லை என்றால் நடுவில் ஒரு காவல் இருக்கிறது என்பதுதான் அவர் கணக்கு. லைட்பர்ன் பலகையோடு யூ.டி.பி. என்னும் வலையமைப்புச் செய்தி முறையில் பேசுகிறது: கணினி பலகையின் 50200 என்ற எண்ணுள்ள வாயிலுக்கு (போர்ட்) அனுப்பும், பலகையின் பதில் கணினியின் 40200 வாயிலுக்கு வரும். பிங் இந்த வாயில்கள் எதையும் தொடுவதில்லை. நுழைவாயில் இல்லாத வலையமைப்பை விண்டோஸ் அடையாளம் தெரியாதது என்று கருதிப் பொது வலையமைப்பின் கடுமையான விதிகளின் கீழ் வைக்கிறது. லைட்பர்னுக்கோ தனியார் வலையமைப்பில் மட்டுமே அனுமதி இருந்தது. அந்தக் காவலான ஃபயர்வாலை முழுவதுமாக அணைக்கச் சொல்பவர்கள் உண்டு. அவர் அதைச் செய்யவில்லை. 10.0.3.3 என்ற ஒரே முகவரியிலிருந்து லைட்பர்னுக்கு வரும் யூ.டி.பி. பதில்களை மட்டும் உள்ளே விடும்படி ஒரு விதி எழுதினார். எழுதிய கணமே தயார் என்ற சொல் வந்தது. புதிய கணினியைப் பாதுகாப்புக்காக வாங்கிய எங்களுக்கு அந்தப் பாதுகாப்பைக் குலைக்காமல் வேலையை முடித்துக் கொடுத்தது மிகுந்த நிறைவு தந்தது.

ஆர்.டி.வொர்க்ஸையும் லைட்பர்னையும் ஒரே நேரத்தில் திறந்துவைக்க வேண்டாம் என்றும் சொன்னார். பதில் வரும் வாயிலை ஒன்று பிடித்துக்கொண்டால் மற்றது காத்துக்கிடக்கும்.

இணைப்பு வந்த பிறகு பழைய கணினியிலிருந்து எடுக்க வேண்டியவற்றை எடுத்தோம். லைட்பர்னின் சாதன விவரத்தை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். அக்ரிலிக்கின் ஒவ்வொரு தடிப்புக்கும் நாங்கள் சேர்த்து வைத்திருந்த வேகம், சக்தி அளவுகள் அடங்கிய பொருள் நூலகமும் தனிக் கோப்பு. முதல் வெட்டுக்கு முன் தொடக்கப் புள்ளி எந்த மூலையில் இருக்கிறது என்று சரிபார்த்தார், ஏனென்றால் அது மாறியிருந்தால் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி வெட்டப்படும். பலகைக்குள் உள்ள இயந்திர அமைப்புகளையும் படித்து ஒரு கோப்பாகச் சேமித்துக் கொடுத்தார். நாங்கள் கேட்காமலே செய்த வேலை இது, மின்னலோ மின்வெட்டோ பலகையைக் கெடுத்தால் அந்தக் கோப்பின் அருமை தெரியும். 2023-இன் நீண்ட மின்வெட்டுகளைக் கடந்து வந்த பட்டறைக்காரர் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழ் எழுத்தில் வேலை செய்பவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கணினி மாறும்போது அறுபடுவது கேபிள் இணைப்பு மட்டும் அன்று. பழைய கோயில் பலகைகளின் கோப்புகள் சில பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் இருந்தன; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே இன்க்ஸ்கேப்பில் திறந்து, எழுத்துகளைப் பாதைகளாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்துவிட்டால் எந்தக் கணினியிலும் அவை அப்படியே நிற்கும். புதிய வேலைகளையும் யூனிகோடில் தட்டெழுதி அதே வழியில் லைட்பர்னுக்குக் கொண்டுவருகிறோம். கொம்பும் காலும் இடம் மாறாமல் வருகின்றன. இது அந்தச் சேவையின் வேலை அன்று, எங்கள் ஏற்பாடு. அந்தத் தம்பிக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. பலகையில் இருந்த முருகன் பெயரைக் காட்டி, எந்த எழுத்து எது என்று என் தங்கையிடம் ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

குறைகளையும் எழுத வேண்டும். முதலாவது, அவர்களைப் பிடிப்பது கடினம். பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் என்பதால் மாலையிலும் சனிக்கிழமையிலும்தான் வருவார்கள். செய்தி அனுப்பினால் பதில் வரத் தாமதமாகும். ஒரு நாள் நின்றாலே ஆர்டர் போய்விடும் பெரிய பட்டறைகளுக்கு இது ஒத்துவராது. இரண்டாவது, கட்டணத்தை வருகைக்குத் தனியாகவும் மணிக்கணக்குக்குத் தனியாகவும் வாங்குகிறார்கள். தொடங்கும் முன்பே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள் என்றாலும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டி உறுதி தருவதில்லை. பழுது எங்கே என்று தெரியாத வேலையில் உறுதி தர முடியாது என்ற அவர்கள் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஓர் உச்சவரம்பையாவது சொல்லலாம், வீட்டுக் கணக்கையும் பட்டறைக் கணக்கையும் ஒன்றாகப் பார்ப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். மூன்றாவது, ஆப்பிள் கணினிகளை அவர்கள் தொடுவதில்லை.

அவர்கள் விட்டுச்சென்ற குறிப்புத் தாளை இந்தக் குறைகளுக்கு எதிரே வைக்கிறேன். முகவரிகள், ஃபயர்வால் விதியின் பெயர், எர்த் அளவீடு, டிரைவரின் பதிப்பு, எதை எந்த வரிசையில் மாற்றினார்கள் என்பது எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சோதித்ததால்தான் அப்படி ஒரு தாளை எழுத முடிந்தது. அதை நெகிழித் தாளில் ஒட்டி இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். அடுத்த முறை விண்டோஸ் எதையாவது மாற்றினால், யாரை அழைத்தாலும் அவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

எல்லா இயந்திரத்துக்கும் இதே மருந்து பொருந்தாது. சிறிய டயோடு லேசர்கள் பெரும்பாலும் ஜி.ஆர்.பி.எல். என்னும் நிரலில் ஓடுகின்றன. அவற்றுக்குக் கணினி வரி வரியாகக் கட்டளையை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் கணினி தூங்கினால் வேலை அங்கேயே சாகும். அவற்றில் பலவற்றுக்கு ஈதர்நெட் துளையும் இல்லை, அவற்றின் யூ.எஸ்.பி. வழியில் உள்ள சி.எச். 340 சில்லுக்கான டிரைவரும், யூ.எஸ்.பி. துளைகளை விண்டோஸ் தூங்கவைக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்சேமிப்பு அமைப்பும்தான் அங்கே முதல் மருந்து. கே 40 என்னும் சிறிய கார்பன் டை ஆக்சைடு லேசர் வகையின் பழைய எம் 2 நானோ கட்டுப்பாட்டுப் பலகையிலும் யூ.எஸ்.பி. மட்டுமே. இப்படிப்பட்ட இயந்திரம் வைத்திருப்பவர்கள் டிரைவர் வரை வீட்டிலேயே முயன்று பார்க்கலாம், உடனே வெளியாளை அழைக்க வேண்டியதில்லை. கார்பன் டை ஆக்சைடு இயந்திரம் வைத்திருப்பவர்கள், இணைப்பு லேசர் சுடும்போது மட்டும் அறுந்தால், தாங்களே பின்கதவைத் திறக்கக் கூடாது. அங்கே தேர்ந்த கை வேண்டும்.

இன்னும் கணினி வாங்காதவர்கள் கடைக்குப் போகும் முன் செயலியின் வகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 முதல் ஸ்நாப்டிராகன் செயலி கொண்ட விண்டோஸ் மடிக்கணினிகள் பரவலாக விற்கப்படுகின்றன. பழைய மென்பொருள்களை அவை பாவனை முறையில் ஓட்டிக்காட்டும். ஆனால் டிரைவர்களுக்கு அந்தப் பாவனை பொருந்தாது, அந்தச் செயலியின் வகையான ஆர்ம் 64-க்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். பழைய லேசர் இயந்திரங்களோடு வந்த குறுந்தகட்டில் அது இருக்காது. இன்டெல் அல்லது ஏ.எம்.டி. செயலியும், கூடுமானால் உடலிலேயே ஈதர்நெட் துளையும் உள்ள கணினியைக் கேட்டு வாங்குவது நல்லது. இந்தச் சேவையை அழைப்பவர்கள் கட்டுப்பாட்டுப் பலகையின் பெயர் தெரியும்படி ஒரு படம், சாதன மேலாளரின் படம், பழைய கணினியின் லைட்பர்ன் ஏற்றுமதிக் கோப்புகள், ஒரு காலியான பென் டிரைவ் ஆகியவற்றை முன்பே தயார் செய்து வைத்தால் மணிக்கணக்குக் கட்டணத்தில் கணிசமான பகுதி மிச்சமாகும். பழைய கணினியை அவர்கள் வந்து போகும் வரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.